அழியும் ஆபத்தில் உள்ள ஒரு முயலையும் ஓர் அந்துப்பூச்சியையும் ஒப்பிட்டு எழுதுவது எப்படி?

முயலையும் அந்துப்பூச்சியையும் ஒப்பிடச் சொன்னால், தாளின் நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் முயல், வலப்பக்கம் பூச்சி என்று தலைப்பிட்டு, நீளம், எடை, உணவு, வாழிடம், இனப்பெருக்கம் என்று வரிசையாக நிரப்பத் தொடங்குவதே பலருடைய வழக்கம். அட்டவணை விரைவில் நிரம்பிவிடும். ஆனால் ஒன்று பாலூட்டி, மற்றொன்று பூச்சி என்று முன்பே தெரிந்த செய்திக்கு மேல் அதிலிருந்து எதுவும் கிடைக்காது. கட்டுரைப் போட்டிக்கோ, கல்லூரிப் பாடத்துக்கோ, இயற்கை ஆர்வலர்களுக்கான இதழுக்கோ இத்தகைய ஒப்பீட்டை எழுத முனைவோர், எந்த இணையை எடுப்பது, எந்தக் கேள்விகளை இரண்டிடமும் கேட்பது, எந்தக் கேள்விகளைத் தவிர்ப்பது என்பவற்றை ஓர் உண்மையான எடுத்துக்காட்டின் வழியே இங்கே காணலாம்.

எடுத்துக்காட்டாக நான் கொள்வது அமெரிக்காவின் இரண்டு உயிர்களை. ஒன்று, கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் வாழும் ஆற்றங்கரைப் புதர் முயல். மற்றொன்று, ஹவாய்த் தீவுகளில் வாழும் பிளாக்பர்ன் ஸ்பிங்ஸ் அந்துப்பூச்சி.

இணையைத் தேர்ந்தெடுத்தல்

ஒப்பீட்டின் தரம் இணையைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது. ஒரு நாட்டின் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட முயலையும், வேறொரு நாட்டில் தன்னார்வ அமைப்பொன்றின் பட்டியலில் மட்டும் இடம்பெற்ற பூச்சியையும் எடுத்தால், காணப்படும் வேறுபாடு உயிரினங்களுடையதா, நாடுகளின் நிர்வாகத்தினுடையதா என்று பிரித்துச் சொல்ல இயலாது. ஆகவே சட்டம், காலம், பொறுப்பான துறை ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்கும் இணையைத் தேட வேண்டும். நான் எடுத்துக்கொண்ட இரண்டும் 1973ஆம் ஆண்டின் அமெரிக்க அழிவாபத்து உயிரினச் சட்டத்தின்கீழ் ஒரே மாதத்தில் பட்டியலிடப்பட்டவை. அந்துப்பூச்சிக்கான அறிவிக்கை 2000 பிப்ரவரி 1 அன்றும், முயலுக்கானது அதே மாதம் 23 அன்றும் வெளியாயின. இரண்டுக்கும் பொறுப்பு அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்குத் துறையே. ஆக, கால் நூற்றாண்டுக்குப் பிறகு இவ்விரண்டின் நிலையில் தென்படும் வேறுபாட்டைச் சட்டத்தின் தலையில் கட்டிவிட முடியாது. அதற்கான காரணத்தை அவற்றின் வாழ்க்கையிலும் வாழும் மண்ணிலும்தான் தேட வேண்டும்.

இணையைத் தேடும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்கச் சட்டத்தில் ‘அழியும் ஆபத்தில் உள்ளது’, ‘அச்சுறுத்தலுக்கு உள்ளானது’ என்று இரு படிநிலைகள் உள்ளன. கலிஃபோர்னியாவிலேயே கெர்ன் பிரிம்ரோஸ் ஸ்பிங்ஸ் என்றொரு அந்துப்பூச்சி இருக்கிறது. முயலும் பூச்சியும் ஒரே மாநிலத்தில் அமைந்தால் வசதியாயிற்றே என்று அதை எடுக்கத் தோன்றும். ஆனால் 1980இல் பட்டியலிடப்பட்ட அந்தப் பூச்சி இரண்டாம் படிநிலையைச் சேர்ந்தது. படிநிலை வேறுபடும் இரண்டை ஒப்பிடுவது தவறு என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிட்டு எழுத வேண்டும்.

எதை எதனோடு ஒப்பிடுகிறோம்

பலர் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் இதுதான். சில்விலாகஸ் பாக்மானி ரிப்பேரியஸ் என்ற மூன்று சொல் அறிவியல் பெயரே, ஆற்றங்கரைப் புதர் முயல் ஒரு முழுச் சிற்றினம் அன்று, துணைச் சிற்றினம் என்பதைக் காட்டிவிடுகிறது. அதன் தாய் இனமான புதர் முயல் அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் பரவலாக வாழ்கிறது. உலக அளவில் உயிரினங்களின் ஆபத்து நிலையைத் தொகுக்கும் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் அது கவலைக்குரிய நிலையில் இல்லை. மண்டூகா பிளாக்பர்னி என்ற அந்துப்பூச்சியோ தனிச் சிற்றினம். ஹவாய்த் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. முயல் மறைந்தால் ஓர் இனத்தின் கிளை ஒன்று முறிகிறது. அந்துப்பூச்சி மறைந்தால் இனமே இல்லாமல் போகிறது. பெயரை முழுமையாகத் தராமல், பன்னாட்டுப் பட்டியலில் ‘புதர் முயல்’ என்று மட்டும் தேடுபவர் ‘ஆபத்து எதுவும் இல்லை’ என்ற முடிவோடு திரும்பி வருவார். ஆகவே எந்த ஆவணத்தைப் படித்தாலும் அது பேசும் அலகு எது என்பதை ஓரத்தில் குறித்துக்கொண்டு படிப்பது நல்லது.

அமெரிக்கத் துறையே இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. மீட்புப் பணிகளுக்கு முன்னுரிமை எண் தருவதற்காக 1983இல் வகுத்த முறையில், ஆபத்தும் மீளும் வாய்ப்பும் சமமாக உயர்ந்திருந்தால், ஒரே இனத்தைக் கொண்ட பேரினத்துக்கு 1, சிற்றினத்துக்கு 2, துணைச் சிற்றினத்துக்கு 3 என்று எண்கள் அமைகின்றன. இந்த வரிசை அறிவியலின் தீர்ப்பு அன்று, நிர்வாகத்தின் தேர்வு. ஒரு துணைச் சிற்றினம் சிற்றினத்தைவிட எந்த அளவு குறைந்த மதிப்புடையது என்பதை அறிவியலால் அளந்து சொல்ல முடியாது. இதை ஒரு வரியில் சுட்டிவிட்டு மேலே செல்லலாம்.

சட்டமே பூச்சிகளையும் முதுகெலும்பிகளையும் முழுச் சமமாக நடத்துவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். முதுகெலும்புள்ள விலங்கு என்றால், ஓர் இனத்தின் தனித்த ஒரு கூட்டத்தை மட்டும் பட்டியலிடலாம். வாஷிங்டன் மாநிலத்தின் கொலம்பியா வடிநிலக் குள்ளமுயல் அப்படித்தான் 2003இல் முழுமையாகப் பாதுகாப்புப் பெற்றது. அந்தச் சலுகை பூச்சிகளுக்கு இல்லை. மேலும், மனிதருக்குப் பெருங்கேடு விளைவிக்கும் பீடை என்று அரசு தீர்மானிக்கும் பூச்சியை ‘அழியும் ஆபத்தில் உள்ளது’ என்ற வரையறையிலிருந்தே சட்டம் விலக்கி வைக்கிறது. பிளாக்பர்ன் அந்துப்பூச்சியின் நெருங்கிய உறவினங்கள் இரண்டு, அமெரிக்கப் பெருநிலத்தில் புகையிலைக்கும் தக்காளிக்கும் பெயர்பெற்ற பீடைகள் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த விதி வெறும் சட்ட நுணுக்கமாகத் தோன்றாது.

உயிரை அருகில் பார்த்தல்

ஆவணங்களுக்குப் போவதற்கு முன் இரண்டையும் கண்ணால் கண்டதுபோல் விவரிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அடையாளம் காணத் தெரியாத உயிரைப் பற்றிய எண்ணிக்கைகளை நம்ப முடியாது.

ஆற்றங்கரைப் புதர் முயல் சிறியது; எடை அரைக் கிலோவிலிருந்து 800 கிராம் வரை. அதே பகுதியில் வாழும் பாலைப் பஞ்சுவால் முயலோடு அதை எளிதில் குழப்பிக்கொள்ளலாம். புதர் முயலின் காது நுனியில் கருப்பு நிறம் இருக்காது, வால் சிறியது, தலையை மேலிருந்து பார்த்தால் கன்னங்கள் வெளிப்புறமாகச் சற்றுப் புடைத்திருக்கும். அது வளை தோண்டி வாழும் முயலும் அன்று. காட்டு ரோஜா, பிளாக்பெர்ரி போன்ற முட்கொடிகளும் வில்லோ மரங்களும் பின்னிக்கிடக்கும் அடர்ந்த புதருக்குள் தரையோடு தரையாகச் சுரங்கம்போன்ற ஓடுபாதைகளை அமைத்துக்கொண்டு, அவற்றின் வழியே நடமாடும். மேய வரும்போதும் புதரின் விளிம்பை விட்டு அதிகம் விலகாது. திறந்த வெளியைக் கடக்க அதற்கு மனம் வராது. இந்தக் கடைசிப் பண்பை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல செய்திகளுக்கு விளக்கம் இதில்தான் இருக்கிறது.

பிளாக்பர்ன் அந்துப்பூச்சி ஹவாயின் மண்ணுக்குரிய பூச்சிகளில் மிகப் பெரியது. இறக்கை விரிந்தால் 12 செ.மீ. அளவுக்கு இருக்கும், சாம்பல் கலந்த பழுப்பு உடலின் இருபுறமும் ஐந்தைந்து ஆரஞ்சுப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். புழு 9 செ.மீ. வரை வளரும், பளிச்சென்ற பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும், பின்முனையில் ஒரு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். முட்டையிலிருந்து இறக்கை முளைத்த பூச்சியாக வளர்வதற்கு 56 நாள் போதும். ஆனால் கூட்டுப்புழு மண்ணுக்குள் ஓராண்டு வரைகூட அசையாமல் கிடக்கக் கூடும். கத்தரிக் குடும்பச் செடிகள்தான் புழுவின் உணவு. மண்ணுக்குரிய உணவு ‘ஐயேயா’ என்று ஹவாய் மக்கள் அழைக்கும் சிறுமரங்கள். வெளியிலிருந்து வந்த புகையிலை, கத்தரி, தக்காளி போன்றவற்றையும் அது தின்னும்.

வளர்ந்த பூச்சி தேன் குடிக்கும் மலர்களில் நமக்கு அறிமுகமானவையும் உண்டு. ஹவாயில் ‘இலியேயே’ எனப்படும் செடி, நம் ஊர்ப் புதர்களில் வளர்ந்து சித்த மருந்துகளில் சேரும் கொடிவேலியேதான், அதே சிற்றினம். ‘மையாபிலோ’ என்பது நம் ஆதொண்டையின் பேரினத்தைச் சேர்ந்த, இரவில் வெண்ணிறமாக மலரும் புதர். தமிழ் வாசகருக்கு எழுதும்போது இத்தகைய உண்மையான தொடர்புகளைத் தவறவிடக் கூடாது. அதே நேரம், தொடர்பு இல்லாத இடத்தில் வலிந்து ஒன்றைப் புகுத்தவும் கூடாது.

எண்ணிக்கையைக் கையாளுதல்

‘முயல் எத்தனை இருக்கிறது, பூச்சி எத்தனை இருக்கிறது?’ என்ற கேள்வியை இரண்டிடமும் ஒரே விதமாகக் கேட்பதுதான் இத்தகைய ஒப்பீடுகளில் நேரும் பெரிய தவறு. முயலைக் கூண்டு வைத்துப் பிடிக்கலாம், காதில் அடையாளம் இடலாம், கழுத்தில் வானொலிப் பட்டை கட்டலாம், மீண்டும் பிடித்துக் கணக்கிடலாம். அதனால் அதற்கு ஓரளவு நம்பத்தக்க மதிப்பீடுகள் உண்டு. 1990களின் தொடக்கத்தில் காஸ்வெல் நினைவு மாநிலப் பூங்கா ஒன்றில் மட்டுமே எஞ்சியிருந்ததாகக் கருதப்பட்ட இந்த முயல்கள் சில நூறு என்று மதிப்பிடப்பட்டது அந்த முறையால்தான். 1997 ஜனவரியில் ஸ்டானிஸ்லாஸ் ஆறு பெருக்கெடுத்துப் பூங்காவை மூழ்கடித்த பிறகு, பிடிபட்டவை மிகச் சிலவே.

அந்துப்பூச்சியை இப்படி எண்ண முடியாது. இரவில் பறக்கும், நெடுந்தொலைவு செல்லும் பூச்சி. பூச்சிநிலையில் கண்ணில் படுவதே அரிது. கூட்டுப்புழுக்கள் மண்ணுக்கடியில் கிடக்கின்றன. மழை குறைந்த ஆண்டில் ஒரு மலைச்சரிவில் எதுவும் தென்படவில்லை என்றால், அங்கு எதுவும் இல்லை என்று பொருளாகாது. ஆகவே ஆய்வாளர்கள் உணவுச் செடிகளைத் தேடிச் சென்று, இலையின் அடியில் முட்டை இருக்கிறதா, தண்டும் இலையும் கடிபட்டிருக்கின்றனவா, கீழே புழுவின் எச்சம் சிதறியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதுவும் நவம்பர் முதல் ஏப்ரல் வரையான மழைக்காலத்திலோ, நல்ல மழை பெய்து சில வாரங்கள் கழித்தோ பார்த்தால்தான் பயன். 1970களில் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட இந்தப் பூச்சி, 1984இல் மவுய் தீவின் கனாயோ பகுதியில் மீண்டும் கண்டறியப்பட்டது. முயலிலும் இதைப் போன்றதொரு திருப்பம் உண்டு: காஸ்வெல் பூங்கா ஒன்றுதான் என்று எண்ணியிருந்த நிலையில், 1998இல் லாத்ரோப் நகருக்கருகே சான் வாக்கீன் ஆற்றின் டெல்டாப் பகுதியின் தெற்கில் இன்னொரு கூட்டம் கண்டறியப்பட்டது.

எனவே அட்டவணையில் ‘எண்ணிக்கை’ என்ற வரியை நீக்கிவிட்டு, ‘எதைக் கொண்டு இருப்பை அறிகிறார்கள்’ என்ற வரியைச் சேருங்கள். முயலுக்கு எதிரே பிடிபட்ட உடல். பூச்சிக்கு எதிரே கடிபட்ட இலை. ஒன்றைப் பற்றிய மதிப்பீட்டையும் மற்றொன்றைப் பற்றிய ஊகத்தையும் ஒரே வரியில் இரண்டு எண்களாக அச்சிடுவது வாசகரை ஏமாற்றுவதாகும்.

ஆபத்துகளை ஒரே சட்டகத்தில் வைத்தல்

ஆபத்துகளை வரிசைப்படுத்த நீங்களே ஒரு முறையை உருவாக்க வேண்டியதில்லை. ஓர் உயிரைப் பட்டியலிடுவதற்கு முன் ஐந்து காரணிகளை ஆராய வேண்டும் என்று அமெரிக்கச் சட்டத்தின் நான்காம் பிரிவு சொல்கிறது: வாழிடம் அழிதல், வணிகத்துக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ ஆய்வுக்காகவோ மிகையாகப் பிடிக்கப்படுதல், நோயும் வேட்டையாடும் உயிர்களும், இருக்கும் விதிகள் போதாமை, இவற்றுக்குள் அடங்காத இயற்கை அல்லது மனிதக் காரணங்கள். இரண்டு உயிர்களுக்குமான அரசிதழ் அறிவிக்கைகள் இதே வரிசையில் எழுதப்பட்டிருப்பதால், பத்திக்குப் பத்தி அருகருகே வைத்துப் படிக்கலாம். ஐந்துக்கும் சம இடம் ஒதுக்க வேண்டும் என்று எண்ணாதீர்கள். இரண்டாம் காரணி முயலுக்கு இன்று பெரிதாகப் பொருந்தாது. பூச்சிக்கு, அரிய ஸ்பிங்ஸ் அந்துப்பூச்சிகளைத் தேடிச் சேகரிப்போரால் வரக்கூடிய ஆபத்து என்ற அளவில் ஒரு வாக்கியம் போதும். நான்காம் காரணியையும் சுருக்கமாக முடித்துவிடலாம்: கலிஃபோர்னியா தன் மாநிலப் பட்டியலில் முயலை 1994இலேயே சேர்த்துவிட்டது. முதல் காரணியும் மூன்றாம் காரணியும்தான் விரிவாக எழுதத் தக்கவை.

முதல் காரணி. சான் வாக்கீன் பள்ளத்தாக்கை உள்ளடக்கிய மத்தியப் பள்ளத்தாக்கின் ஆற்றங்கரைக் காடுகளில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் அழிந்துவிட்டன. மலையில் அணை கட்டி வெள்ளத்தை அடக்கியதும், ஆற்றின் இருபுறமும் கரை எழுப்பியதும், முன்பு நீர் பரவிய நிலமெல்லாம் வயலும் தோப்பும் ஆனது. எஞ்சிய புதர்க்காடு இரண்டு கரைகளுக்கு நடுவே ஒடுங்கிப்போன சிறு துண்டுகளில் நின்றது. அணைகளை மீறி வெள்ளம் வரும் ஆண்டுகளில் நீர் முழுவதும் அந்த ஒடுங்கிய துண்டிலேயே ஏறுகிறது. முன்பெல்லாம் முயல் புதர் வழியாகவே மேட்டுநிலத்துக்கு ஒதுங்கியிருக்கும். இப்போது மேட்டில் இருப்பது உழுத வயல். திறந்த வெளியைக் கடக்கத் தயங்கும் முயல் என்று முன்பு சொன்னேனே, அந்தத் தயக்கம்தான் இங்கே உயிரைக் குடிக்கிறது.

ஹவாயில் வறண்ட காடும் இதே அளவுக்குச் சுருங்கியது. ஆனால் சுருக்கியவை வேறு. ஆடுகளும் மாடுகளும் மான்களும் மேய்ந்தன. வெளியிலிருந்து வந்த புற்கள் படர்ந்து தீயை ஊருக்கு ஊர் கொண்டுசென்றன. மவுயில் 1959இல் கொண்டுவிடப்பட்ட மான் நம் புள்ளிமான்தான். நம் காடுகளில் புலிக்கும் செந்நாய்க்கும் இரையாகி அளவோடு இருக்கும் அந்த மான், வேட்டையாடும் விலங்கே இல்லாத தீவில் இளங்கன்றுகளைத் தின்று தீர்க்கிறது. மேய்ச்சலால் மூத்த ஐயேயா மரங்களுக்குக் கீழே புதிய கன்றுகள் எழுவதில்லை. ஹவாய் என்ற பெயருடைய பெரிய தீவில் வளரும் ஐயேயா வகை ஒன்று 1994இல் தானே அழிவாபத்துப் பட்டியலுக்குள் வந்துவிட்டது. ஆக, இங்கே ஆபத்து ஓர் உயிருக்கு மட்டும் அன்று. உண்பதும் உண்ணப்படுவதும் சேர்ந்தே பட்டியலில் நிற்கின்றன.

மூன்றாம் காரணியில் ஒப்பீடு கூர்மையாகிறது. முயலுக்கு வீட்டுப் பூனைகளும் கருப்பு எலிகளும் தொல்லை. அதற்கு மேல், முயல்களுக்கு உட்குருதிப்போக்கை உண்டாக்கும் ஒரு வைரஸின் இரண்டாம் வகை 2020இல் அமெரிக்காவின் தென்மேற்கில் காட்டு முயல்களிடையே பரவி, அதே ஆண்டு கலிஃபோர்னியாவையும் எட்டியது. அந்துப்பூச்சிக்கு எறும்புகளே பெரும்பகை. ஹவாயின் மண்ணுக்குரிய எறும்பு என்று ஒன்றுகூட இல்லாததால், வந்தேறிய எறும்புகளுக்கு எதிரான தற்காப்பு எதுவும் அங்குள்ள பூச்சிகளிடம் வளரவில்லை. ஒட்டுண்ணிக் குளவிகள் இன்னொரு பகை. கரும்பு வயலில் இடைக்கணுப் புழுவைக் கட்டுப்படுத்த அட்டையாகக் கட்டிவிடுகிறோமே, அந்த டிரைக்கோகிரம்மா குளவி ஹவாய்க்கும் பயிர்ப் பாதுகாப்பின் பெயரால் கொண்டுசெல்லப்பட்டது. அந்துப்பூச்சி இனங்களின் முட்டைக்குள் தன் முட்டையை இடும் அந்தக் குளவிக்கு, கரும்பைத் துளைக்கும் புழு எது, அழிந்துவரும் ஸ்பிங்ஸ் எது என்ற வேறுபாடு இல்லை. நம் வயலில் நண்பனாக இருப்பது அங்கே ஆபத்தாகப் பதிவாகியிருப்பதைத் தமிழ் வாசகருக்குச் சொல்லாமல் விடக் கூடாது.

புகலிடமும் பகையும் ஒன்றாகும் இடம்

இத்தனையையும் சேர்த்த பிறகு ஒப்பீட்டின் மையக் கேள்வியைக் கேட்க வேண்டும். ‘எது அதிக ஆபத்தில் இருக்கிறது?’ என்பது அந்தக் கேள்வி அன்று. சட்டம் இரண்டுக்கும் ஒரே முத்திரையைக் குத்திவிட்டது. நான் கேட்கச் சொல்வது இது: இந்த உயிரை வாழவைப்பது எது, அதுவே அதன் அழிவுக்கும் வழியாகிறதா?

முயலுக்கு விடை ஆறு. புதர்க்காடு ஆற்றின் கொடை. வெள்ளம் வராத ஆற்றங்கரையில் நாளடைவில் அந்தப் புதரே புதிதாக முளைக்காது. வெள்ளம் வந்தாலோ முயல் மூழ்கும். ஆற்றங்கரைக் காட்டை மீட்பதற்காகக் கரையை உடைத்து நீரைப் பரவவிடும் பணி, முயல் ஏறி நிற்க மேடு அமைக்காவிட்டால் அந்த முயலுக்கே எதிராகிவிடும்.

அந்துப்பூச்சிக்கு விடை மரப்புகையிலை. தென் அமெரிக்காவிலிருந்து வந்து, பாதையோரங்களிலும் தரிசிலும் முளைக்கும் இந்தக் களைச்செடி, ஐயேயா குறைந்த இடங்களில் புழுக்களைக் காப்பாற்றி வருகிறது. அமெரிக்கக் கடற்படை 1990 வரை குண்டுவீச்சுப் பயிற்சிக்குப் பயன்படுத்திய கஹோலாவே தீவில் புழுக்களுக்கு உணவு இந்தச் செடிதான். களையைப் பிடுங்கி மண்ணுக்குரிய காட்டை மீட்க நினைப்பவர், பிடுங்கும் செடியிலேயே அழியும் ஆபத்திலுள்ள புழு இருப்பதைக் காண நேரிடும். அதனால்தான் மூன்றடிக்கு மேல் வளர்ந்த மரப்புகையிலையைச் சோதித்துப் பார்க்காமல் வெட்ட வேண்டாம் என்று துறை அறிவுறுத்துகிறது. புழு செடியைவிட்டு இறங்கி அருகிலுள்ள மண்ணில்தான் கூட்டுப்புழுவாகும் என்பதால், செடியைச் சுற்றிச் சுமார் 10 மீட்டர் நிலத்தையும் கிளறாமல் விட வேண்டும்.

முதல் பார்வையில் எந்த ஒற்றுமையும் இல்லாத இரண்டு உயிர்களுக்கும் இந்த ஒரு புள்ளியில் ஒரே அமைப்பு அமைந்திருப்பதுதான் ஒப்பீடு தரும் பயன். உங்கள் கட்டுரையின் நடுப்பகுதியை, நீளத்தில் பாதியையேகூட, இதற்கு ஒதுக்கலாம்.

மீட்பு முயற்சிகளை எடைபோடுதல்

இங்கே இரண்டு பாதைகளும் முழுக்கப் பிரிகின்றன. முயலைப் பொறுத்தவரை மனிதர் நேரடியாகக் கையில் எடுத்துச் செய்யும் பணிகள் பல. கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டானிஸ்லாஸ் வளாகத்தைச் சேர்ந்த மீட்புத் திட்டத்தினர், வேலியிட்ட பெரிய அடைப்புகளில் முயல்களை இனப்பெருக்கம் செய்வித்து, 2002 முதல் சான் வாக்கீன் ஆற்றுத் தேசியக் காட்டுயிர்ப் புகலிடத்தில் விடத் தொடங்கினர். அங்கே வெள்ளத்தின்போது ஏறி நிற்க மண்மேடுகள் எழுப்பி, அவற்றின்மீதும் புதர் நட்டார்கள். 2020இல் வைரஸ் வந்தபோது காட்டு முயல்களைப் பிடித்துத் தடுப்பூசி போட்டார்கள். 2023இன் பெருவெள்ளத்தில் படகில் சென்று, நீரில் சிக்கிய முயல்களைத் தூக்கிவந்து மேட்டில் விட்டார்கள். அந்தப் புகலிடத்துக்கு அண்டையில் பண்ணைநிலத்தை மீண்டும் வெள்ளச் சமவெளியாக்கிய டோஸ் ரியோஸ், 2024இல் மாநிலப் பூங்காவாகத் திறக்கப்பட்டது.

பூச்சிக்கு யாரும் தடுப்பூசி போட முடியாது. வெள்ளத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கவும் முடியாது. அதற்கான பணி முழுவதும் நிலத்தின் வழியாகவே நடக்கிறது. 2003இல் மவுய், ஹவாய், கஹோலாவே, மொலோக்கை ஆகிய தீவுகளில் சுமார் 22,440 ஹெக்டேர் நிலம் இன்றியமையாத வாழிடமாக அறிவிக்கப்பட்டது. 2005இல் மீட்புத் திட்டம் வெளியானது. வேலியிட்டு மேய்ச்சலைத் தடுப்பது, ஐயேயாவையும் தேன் தரும் செடிகளையும் நடுவது, தீயைத் தடுப்பது ஆகியவையே பணிகள். நட்ட ஐயேயா வளர்ந்து புழுக்களுக்கு உணவாவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை மரப்புகையிலையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒரு முரணைக் கவனியுங்கள். கைப்பணி மிகுந்த முயலுக்கு அத்தகைய வாழிட அறிவிப்பு எதுவும் இல்லை. கைப்பணிக்கு வாய்ப்பில்லாத பூச்சிக்குப் பல்லாயிரம் ஹெக்டேர் அறிவிப்பு உண்டு. அறிவிப்பின் பரப்பை வைத்து அக்கறையை அளந்தால் தவறான முடிவுக்கு வருவோம். வெள்ளத்தில் நனைந்த முயலின் படம் செய்தித்தாளில் வருவதுபோல் கொம்புள்ள புழுவின் படம் வருவதில்லை. பணமும் தன்னார்வலரும் எந்தப் பக்கம் அதிகம் சாய்வார்கள் என்பதை ஊகிக்கலாம். ஆனால் இதை எழுதும்போது ஊகம் ஊகமாகவே தெரியும்படி எழுதுங்கள். என் சொந்த மதிப்பீடு, முயலுக்கான விடை தெரிந்த விடை; மேடு, புதர், தடுப்பூசி ஆகிய மூன்றுக்கும் தொடர்ந்து செலவு செய்தால் போதும். பூச்சிக்கான விடை ஒரு மரத்தின் வளர்ச்சி வேகத்தைச் சார்ந்தது. அதைப் பணத்தால் விரைவுபடுத்த முடியாது.

எழுதி முடிக்கும்போது

பத்திகளை ‘முதலில் முயல் முழுவதும், பிறகு பூச்சி முழுவதும்’ என்று அடுக்காதீர்கள். வாசகர் இரண்டாம் பாதிக்கு வரும்போது முதல் பாதி மறந்துபோகும். கேள்விவாரியாக எழுதி, ஒவ்வொரு கேள்விக்குள்ளும் இரண்டையும் எதிரெதிரே நிறுத்துங்கள். எந்தக் கேள்வியில் எதற்குச் சொல்லச் செய்தி அதிகமோ அதற்கு அதிக இடம் கொடுங்கள். சமமாகப் பங்கிட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அட்டவணை வேண்டும் என்றால் கட்டுரையின் கடைசியில், ஐந்தாறு வரிகளுக்குள் வையுங்கள். பட்டியலிட்ட உயிர்களின் நிலையை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மீளாய்வு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்வதால், நீங்கள் எழுதும் நாளில் இரண்டுக்கும் ஆக அண்மையில் வந்த மீளாய்வைத் தேடிப் படித்து, அதன் ஆண்டை அட்டவணையின் அடியில் குறித்துவிடுங்கள்.